ஒரே பெயர், வேறு வேறு ஆட்கள்: தமிழ் வரலாற்றில் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிப் பேச்சுப் போட்டிக்காக ஔவையாரைப் பற்றி எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். "அதியமான் கொடுத்த நெல்லிக்கனியை உண்டு நீண்ட காலம் வாழ்ந்த ஔவையார், குழந்தைகளுக்காக ஆத்திசூடி பாடினார்" என்று தொடங்கியிருந்தாள். வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இருவருக்கும் நடுவே ஆயிரம் ஆண்டு இடைவெளி. அதைச் சொன்னதும் அவள் கேட்டாள்: "அந்த நெல்லிக்காயைச் சாப்பிட்டதாலதானே மாமா அவ்வளவு நாள் இருந்தாங்க?"

அவள் கேட்டதில் தவறில்லை. நம் ஊரில் இரண்டு காலத்துப் புலவர்களை ஒட்டவைக்கப் பயன்பட்ட பசையே அந்த நெல்லிக்கனிதான். ஒரே பெயர் இரண்டு நூற்றாண்டுகளில் வந்தால், இருவர் என்று பிரிப்பதைவிட ஒருவருக்கு நீண்ட ஆயுள் கொடுப்பது கதைக்கு எளிது. ஆனால் அப்படிச் சேர்க்கும்போது ஒருவருடைய வாழ்க்கை காணாமல் போகிறது. எனக்கு அதுதான் பெரிய வருத்தம். எனவே பழைய நூல், கல்வெட்டு, அச்சுப் புத்தகம் எதைப் படித்தாலும் பெயர்களைப் பிரித்துப் பார்க்க நான் பின்பற்றும் முறையை இங்கே வரிசையாகத் தருகிறேன். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

படி 1: பெயருக்கு ஒரு பக்கம் வேண்டாம், ஆளுக்கு ஒரு பக்கம்

நோட்டில் "நக்கீரர்" என்று தலைப்பிட்டு, கிடைத்ததையெல்லாம் அதன் கீழ் எழுதத் தொடங்கினால் அப்போதே தோற்றுவிட்டோம். ஒவ்வொரு குறிப்பும் தனித்தனி ஆளைப் பற்றியது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். "நெடுநல்வாடை பாடிய நக்கீரர்" ஒரு பக்கம், "களவியல் உரை சொன்ன நக்கீரர்" ஒரு பக்கம், "பதினோராம் திருமுறை நக்கீரர்" ஒரு பக்கம். இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று கிடைத்தால் பக்கங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்து எழுதியதைப் பிற்பாடு பிரிப்பதுதான் பெரும்பாடு.

படி 2: பெயரின் முன்னும் பின்னும் இருப்பதை வெட்டாதீர்கள்

பழைய ஆட்களுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் புலவர் பெயரை எப்படிக் குறித்தார்கள் என்று பாருங்கள்: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார், கடியலூர் உருத்திரங்கண்ணனார். ஊர், தந்தை, தொழில் என்று ஏதோ ஓர் அடை ஒட்டிக்கொண்டே வருகிறது. பாடப்புத்தகத்தில் இடம் போதவில்லை என்று நாம்தான் அதை வெட்டுகிறோம். பெயரோடு பிறந்த அடையாள அட்டையைக் கிழித்துப் போடுவது போன்றது அது.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு திருத்தொண்டத்தொகையில் இருக்கிறது. அறுபத்து மூவரில் திருநீலகண்டர் என்ற பெயரில் இருவர் உண்டு. ஒருவர் தில்லையில் வாழ்ந்த குயவர். மனைவி "எம்மைத் தீண்டுவீராயின் திருநீலகண்டம்" என்று ஆணையிட்டதால் முதுமைவரை அவரைத் தொடாமலே வாழ்ந்தவர். மற்றவர் எருக்கத்தம்புலியூர் யாழ்ப்பாணர். திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று அவருடைய பதிகங்களை யாழில் இட்டு வாசித்தவர். சுந்தரர் இருவரையும் ஒரே பதிகத்தில் வணங்க வேண்டியிருந்தது. என்ன செய்தார்? முதல் பாட்டில் "திருநீலகண்டத்துக் குயவனார்க்கு அடியேன்" என்றார். பதினொன்றாம் பாட்டில் "திருநீலகண்டத்துப் பாணனார்க்கு அடியேன்" என்றார். தொழிலைச் சேர்த்துச் சொன்ன ஒரே சொல்லில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். 8-ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கவனம் இருந்திருக்கிறது.

ஆக, நோட்டில் பெயரை எழுதும்போது ஊர், தந்தை பெயர், தொழில், பட்டம் நான்கும் இருந்தால் நான்கையும் எழுதுங்கள். ஒன்றுதான் கிடைத்தால் அந்த ஒன்றையாவது விடாதீர்கள்.

படி 3: காலத்தைப் பூட்டுங்கள்

வேலையின் பாதி இந்தப் படியில்தான். ஒரு நூல் தனக்கு முந்தியதைப் பற்றிப் பேசலாம், பிந்தியதைப் பற்றிப் பேச முடியாது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு ஔவையாரை எடுத்துப் பார்ப்போம்.

முதலில் சங்க ஔவை. எட்டுத்தொகைக்குள் அவர் பாடியவை 59. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிதான் அவருடைய உலகத்தின் நடுவில் நிற்கிறான். தகடூர் இன்றைய தருமபுரி. தொண்டைமானிடம் தூது போனபோது அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டு அவர் பாடியது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. இங்கே இருக்கும் வேல்கள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போலவே பழித்துவிட்டு வருகிற நெஞ்சுரம் அது.

இந்த ஔவையின் காலத்தை எதை வைத்துப் பூட்டுவது? அதியமானை வைத்துத்தான். திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு 1981-இல் கண்டுபிடிக்கப்பட்டது. "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பளி" என்பது அதன் வாசகம். எழுத்தமைதியைக் கொண்டு கி.பி. 1-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று கணிக்கிறார்கள். அஞ்சி என்ற ஒற்றைப் பெயர் மட்டும் அந்தப் பாறையில் இருந்திருந்தால் நான் தயங்குவேன். அதியன் என்ற குடிப்பெயர், நெடுமான், அஞ்சி என மூன்றும் பாட்டில் உள்ளது போலவே சேர்ந்து வருகின்றன. போதாததற்கு அசோகர் கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரர் என்ற அரச மரபின் பெயரும் உடன் நிற்கிறது. இருவர் ஒருவரே என்று சொல்ல இப்படித்தான் பல முனைகளிலிருந்து சான்று வந்து பொருந்த வேண்டும்.

சரி, இப்போது நல்வழியைத் திறங்கள். அதுவும் ஔவையார் பாடியதுதான். அதன் நாற்பதாம் வெண்பா:

தேவர் குறளும் திருநான் மறைமுடிவும்
மூவர் தமிழும் முனிமொழியும் கோவை
திருவா சகமும் திருமூலர் சொல்லும்
ஒருவா சகமென் றுணர்

மூவர் தமிழ் என்றால் சம்பந்தர், அப்பர், சுந்தரர் பாடிய தேவாரம். முதல் இருவர் 7-ஆம் நூற்றாண்டு, சுந்தரர் 8-ஆம் நூற்றாண்டு. திருவாசகமும் திருக்கோவையும் பொதுவாக 9-ஆம் நூற்றாண்டில் வைக்கப்படுபவை. இவற்றையெல்லாம் படித்து, எல்லாம் ஒன்றையே சொல்கின்றன என்று முடிவுக்கு வந்த ஒருவர் அதியமானுடன் உட்கார்ந்து பேசியிருக்க முடியாது. நான்கே வரியில் தன் காலத்தின் கீழ் எல்லையை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவற்றைப் பாடிய இந்த ஔவையை 12-ஆம் நூற்றாண்டை ஒட்டி வைப்பது வழக்கம்.

காலம் பூட்டிய பிறகு வாழ்க்கையைப் பாருங்கள். அதியமான் இறந்தபோது சங்க ஔவை அழுத அழுகை புறநானூற்றின் 235-ஆம் பாட்டு. "சிறியகட் பெறினே எமக்கீயு மன்னே" என்று தொடங்குகிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்கிறார். அடுத்து எலும்போடு கூடிய ஊன் கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்கே தருவானே என்கிறார். கொன்றைவேந்தன் பாடிய ஔவையோ "நோன்பென்பதுவே கொன்று தின்னாமை" என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஒருவர் அரசனோடு கள்ளும் கறியும் பகிர்ந்து, அவன் போனதும் உடைந்து அழுத தோழி. மற்றவர் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு நெறி வகுத்துத் தந்த பாட்டி. இருவரையும் ஒரே உருவத்துக்குள் அடைத்தால் முதலாமவரின் கள்ளும் கண்ணீரும்தான் முதலில் மறைகின்றன. மறைந்தும் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. உணவு, குணம், நடை எல்லாம் துணைச் சான்றுகள் மட்டுமே. மனிதர் வயதில் மாறலாம். நல்வழி வெண்பாவைப் போன்ற காலச் சான்று கையில் இருந்தால்தான் மற்றவற்றுக்கு எடை வரும். விநாயகர் அகவலையும் ஔவைக் குறளையும் வேறோர் ஔவைக்குத் தருகிற அறிஞர்கள் உண்டு, அங்கே ஒருமித்த முடிவு இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் தனிப் பக்கம் போட்டுத் தலைப்பில் ஒரு கேள்விக்குறி வைத்துவிடுங்கள்.

படி 4: கூட்டாளிகளையும் பாடுபொருளையும் பாருங்கள்

நக்கீரருக்கு வருவோம். இறையனார் களவியல் உரையை மேற்கோளோடு படித்தால் விடை அதிலேயே இருக்கிறது. அந்த உரையில் பாண்டிக்கோவைப் பாடல்கள் வரிசையாக வருகின்றன. அவற்றின் தலைவன் 7-ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் நெடுமாறன். நெடுநல்வாடை பாடிய கணக்காயனார் மகனுக்கு அந்த மேற்கோள்கள் கிடைத்திருக்க வழியே இல்லை. அந்த உரையே, நக்கீரரிடம் தொடங்கிப் பத்துத் தலைமுறை வாய்மொழியாக வந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனாரிடம் சேர்ந்தது என்று தன் வரலாற்றையும் சொல்கிறது. மரபு ஒரு பெயரைத் தலையில் வைத்திருந்தாலும், எழுத்து உருப்பெற்ற காலம் வேறு.

பதினோராம் திருமுறையில் இன்னும் வியப்பான ஒன்று இருக்கிறது. நக்கீரதேவ நாயனார், கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார் என்று மூவர் வருகிறார்கள். சங்கப் புலவர்களில் நாம் முதலில் சொல்லும் மூன்று பெயர்களும் அப்படியே வந்து நிற்கின்றன! ஆனால் கபிலதேவர் பாடியவற்றில் ஒன்று மூத்த நாயனார் திருவிரட்டைமணிமாலை. அது பிள்ளையாரைப் பற்றியது. சங்கப் பாடல்களில் பிள்ளையார் வழிபாடு பற்றிப் பேச்சே இல்லை. பறம்பு மலையில் பாரியோடு இருந்த கபிலர் இவர் அல்லர்.

பட்டினத்தாருக்கும் இதே மருந்துதான். திருவிடைமருதூர் மும்மணிக்கோவை பாடிய பட்டினத்துப் பிள்ளையார் பதினோராம் திருமுறைக்குரியவர். "காதற்ற ஊசியும்" பாடிய பட்டினத்தார் பிற்காலச் சித்தர். யாப்பும் சொல்லும் பேசும் முறையும் அவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன. அகத்தியர் பெயரில் வருபவற்றைப் பற்றிக் கேட்காதீர்கள், இலக்கணம் முதல் வைத்தியம் வரை அதற்குத் தனி நோட்டே வேண்டும்.

படி 5: அரசன் என்றால் மெய்க்கீர்த்தியையும் ஆட்சியாண்டையும் கேளுங்கள்

கோயில் சுவரில் "ராஜராஜ தேவர்க்கு யாண்டு" என்று படித்தவுடன் தஞ்சைப் பெரிய கோயில் கட்டியவர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சோழர்களில் அந்தப் பெயரில் மூவர் ஆண்டிருக்கிறார்கள். பிரிக்க மூன்று வழிகள்.

முதலில், பெயருக்கு முன்னால் ராஜகேசரியா பரகேசரியா என்று பாருங்கள். இந்த இரு பட்டங்களும் சோழர்களிடையே மாறி மாறி வரும். முதலாம் ராஜராஜன் ராஜகேசரி, இரண்டாம் ராஜராஜன் பரகேசரி. இருவரும் பிரிந்துவிடுவார்கள். மூன்றாமவன் மறுபடியும் ராஜகேசரி. அதனால் இந்த வழி பாதிதான் உதவும். முதலாம், இரண்டாம் ராஜேந்திரர்கள் இருவருமே பரகேசரிகள், அங்கே உதவவே உதவாது.

அப்புறம் ஆட்சியாண்டு. முதலாம் ராஜராஜன் 985 முதல் 1014 வரை. பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்தது அவருடைய 25-ஆம் ஆண்டின் 275-ஆம் நாள். அதாவது 1010. ஒரு கல்வெட்டு ராஜராஜனுக்கு 33-ஆம் ஆண்டு என்று சொன்னால் அது அவர் இல்லை, கணக்கு இடம் கொடுக்காது.

எல்லாவற்றையும்விட உறுதியானது மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைச் சொல்லும் பகுதி. "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்" என்று தொடங்கி, காந்தளூர்ச் சாலை கலமறுத்ததைச் சொன்னால் முதலாம் ராஜராஜன். "திருமன்னி வளர இருநில மடந்தையும்" என்றால் முதலாம் ராஜேந்திரன். "புகழ்மாது விளங்க" என்றால் முதலாம் குலோத்துங்கன். கல்லில் பெயர் சிதைந்து போயிருந்தாலும் முதல் இரண்டு சொல் தப்பியிருந்தால் ஆளைச் சொல்லிவிடலாம்.

பாண்டியர்களிடம் பெயர்கள் இன்னும் நெருக்கமாக வரும். 1216-இல் ஆட்சிக்கு வந்து சோழர்களைத் தோற்கடித்த சுந்தர பாண்டியன் மாறவர்மன். தில்லையிலும் திருவரங்கத்திலும் பொன் வேய்ந்த சுந்தர பாண்டியன் சடையவர்மன், ஆட்சிக்கு வந்தது 1251-இல். மாறவர்மனா சடையவர்மனா என்பதை விட்டுவிட்டு வெறுமனே சுந்தர பாண்டியன் என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

படி 6: அச்சுக் காலத்தில் முன்னெழுத்துதான் முகவரி

நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்து, சில சமயம் ஊர் பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். அந்த ஓர் எழுத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்தே கற்றேன். பழைய அகராதிகளைப் பற்றிக் குறிப்பு எடுத்தபோது, யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை என்று ஒரே பக்கத்தில் இரண்டு அகராதிகளை எழுதி வைத்திருந்தேன். ஆண்டுகள் பொருந்தாமல் உறுத்தியபோதுதான் திரும்பிப் பார்த்தேன்.

ஒருவர் கு. கதிரைவேற்பிள்ளை. 1829-இல் பிறந்தவர், உடுப்பிட்டி. தந்தை குமாரசுவாமி. 1904-இல் மறைந்தார். அவர் தொகுத்த அகராதியை மதுரைத் தமிழ்ச் சங்கம் பின்னர் வெளியிட்டது. மற்றவர் நா. கதிரைவேற்பிள்ளை. 1871-இல் பிறந்தவர், மேலைப்புலோலி. தந்தை நாகப்பர். 1907-இல் மறைந்தார். சென்னைக்கு வந்து தமிழாசிரியராக இருந்தவர், திரு.வி.க.வின் ஆசிரியர். அவரும் ஒரு தமிழ்ப் பேரகராதி செய்தார். ஒரே பெயர், இருவருக்கும் ஊர் யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பகுதி, இருவருக்கும் அகராதிப் பணி, இறப்பில் மூன்றே ஆண்டு இடைவெளி. நடுவே நிற்பது "கு", "நா" என்ற ஓர் எழுத்துதான். இப்போது என் நோட்டில் அந்த இரண்டு எழுத்தையும் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன்.

கலைஞர்களுக்கு ஊர்ப்பெயர்தான் முன்னெழுத்து. மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்றால் யார்? உ.வே.சா.வின் ஆசிரியரா? அவர் திரிசிரபுரம் மகாவித்துவான், 1815 முதல் 1876 வரை. ருக்மிணி தேவிக்கு நடனம் கற்பித்த நட்டுவனாரா? அவர் பந்தநல்லூர். தவில் மேதையா? அவர் நீடாமங்கலம். இசைக்காரர்கள் வீட்டில் யாரும் "மீனாட்சிசுந்தரம் பிள்ளை" என்று மொட்டையாகச் சொல்லமாட்டார்கள், "நீடாமங்கலத்தார்" என்பார்கள். எழுதும்போதும் அதையே பின்பற்றலாம்.

படி 7: ஒற்றுமைகளைக் கண்டு மயங்காதீர்கள்

பெயரும் பிறந்த ஆண்டும் பொருந்தினால் ஒரே ஆள்தான் என்று தோன்றும். ஈ.வெ. ராமசாமி பிறந்தது 1879. சி.பி. ராமசாமி ஐயர் பிறந்ததும் 1879. திருவிதாங்கூரைப் பற்றிப் படிக்கும்போது இருவருமே வருவார்கள்: ஒருவர் வைக்கத்தில் போராடிச் சிறை சென்றவர், மற்றவர் பிற்காலத்தில் அங்கே திவானாக இருந்தவர். பெயரை மட்டும் எழுதிய ஒரு பழைய நாளிதழ்த் துண்டு கையில் கிடைத்தால் ஆண்டும் இடமும் உங்களைக் காப்பாற்றாது. அவர் என்ன செய்தார், எந்தப் பக்கம் நின்றார் என்பதுதான் காப்பாற்றும்.

பட்டமும் அப்படித்தான். பாரதி என்பது பட்டம். சுப்பிரமணிய பாரதிக்கு முன்பே நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதி இருந்தார். சுப்பிரமணிய பாரதியோடு ஒரே காலத்தில் சோமசுந்தர பாரதி இருந்தார். "பாரதியார் பாடல்" என்று மட்டும் குறித்திருக்கும் பழைய கச்சேரி அறிவிப்புகளில் இதைக் கவனியுங்கள்.

படி 8: எதிர்ப்பக்கத் தவறையும் சோதியுங்கள்

பிரிக்கப் பழகியவருக்கு அளவு மீறிப் பிரிக்கும் பழக்கமும் வந்துவிடும். மருணீக்கியார், தருமசேனர், திருநாவுக்கரசர், அப்பர் நால்வரும் ஒருவரே. நந்தனாரும் திருநாளைப்போவாரும் ஒருவரே. முதலாம் குலோத்துங்கன் 1070-இல் சோழ அரியணை ஏறும்முன் ராஜேந்திரன் என்ற பெயரில் இருந்தான், முதலாம் ராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன். ஆகவே இரண்டு பக்கங்களில் ஊர், காலம், உறவு மூன்றும் முரண்படாமல் பொருந்தினால், பெயர் வேறாக இருந்தாலும் ஒருமுறை சேர்த்து வைத்துப் பாருங்கள்.

படி 9: நீங்கள் எழுதும்போது

முதல் முறை பெயர் வரும் இடத்தில் முழு அடையோடு எழுதுங்கள்: "பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்", "திரு.வி. கல்யாணசுந்தரனார்", "நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை", "வடலூர் ராமலிங்க அடிகள்". அடுத்த வரியிலிருந்து சுருக்கிக்கொள்ளலாம். படம் போட்டால் அந்தப் படம் யாருடையது என்று இருமுறை பாருங்கள். ஒரு தொன்மக் கதையைச் சொல்ல ஆசைப்பட்டால் "என்பது வழக்கில் உள்ள கதை" என்ற சொற்களோடு சொல்லுங்கள். கதையை விட்டுவிடச் சொல்லவில்லை, அதற்கும் தனிப் பக்கம் உண்டு.

மூலநூலைச் சரிபார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் சங்க நூல்களும் திருமுறைகளும் இருக்கின்றன. ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம். புறநானூற்றை 1894-இல் பதிப்பித்தபோது உ.வே. சாமிநாதையர் பாடினோர் வரலாறு என்று புலவர்களைப் பற்றித் தனியே தொகுத்து வைத்தார். புலவர் பெயரில் சந்தேகம் வந்தால் நான் முதலில் திறப்பது இன்றும் அந்தப் பகுதியைத்தான்.

அக்கா மகள் கட்டுரையைத் திருத்தி எழுதினாள். முதல் பத்தியில் தகடூரும் தூதும் முனை முறிந்த வேல்களும் வந்தன. நெல்லிக்கனியை அங்கேயே வைத்துக்கொண்டாள். இரண்டாம் பத்தி இப்படித் தொடங்கியது: "அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இன்னோர் ஔவையார் இருந்தார்."